நாயைப் பூனையாக்கிய வீட்டுப்பாடம்

1. பிரச்சினை

இந்தக் கதை ஒரு வீட்டுப்பாடத்திலிருந்து பிறந்தது. கனவில் வந்தது, ரயிலில் உதித்தது என்றெல்லாம் பீற்றிக்கொள்ள எனக்கு வழியில்லை. நான் படிக்கிற கல்லூரியில் பாராலீகல் வகுப்பு, அதாவது வக்கீலுக்குக் கீழே இருந்து வழக்குக் கட்டுகளைத் தயார் செய்கிறவர்களுக்கான வகுப்பு, சனிக்கிழமைகளில் நடக்கும். பக்கத்து இருக்கை ட்வைலா. அவள் எழுதிய வீட்டுப்பாடத்துக்கு 'ஏ' கிடைத்தது. அந்த 'ஏ'யால் ஒருவருக்கு வீடு போகப் பார்த்தது. அவ்வளவுதான் விஷயம். ஒரு பக்கத்தில் சொல்லிவிட்டு எழுந்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

ஓஹையோவின் அந்தச் சிறு நகரத்தில் இலையுதிர் காலத்தின் பொன்னொளி—

(பொன்னொளியாவது மண்ணாங்கட்டியாவது. அன்று தூறல். கல்லூரி கார் நிறுத்தத்தில் வாத்து எச்சம்.)

அடுத்த தடவை:

ஓர்வில் வாசற்படியில் உட்கார்ந்து பிக்கிள்ஸின் காதைச் சொறிந்துகொண்டிருந்தார். ஒற்றைக் கண் நாயான பிக்கிள்ஸ்—

(பிக்கிள்ஸுக்கு இரண்டு கண்ணும் நன்றாகத் தெரியும். உங்களை அழவைக்க ஒன்றைப் பிடுங்கப் பார்த்தேன். கதை எழுதுகிறவர்களை ரொம்ப நம்பாதீர்கள்.)

ஆகவே எங்கள் வாத்தியார் பர்டெட் சொல்லிக்கொடுத்த முறையிலேயே எழுதுகிறேன். முப்பது வருஷம் வக்கீலாக இருந்துவிட்டுப் பாடம் நடத்த வந்தவர். எந்தக் குறிப்பானாலும் நாலு தலைப்பு: பிரச்சினை, விதி, பொருத்தம், முடிவு. இடையில் புலம்பல் கூடாது. அந்தக் கடைசி நிபந்தனையை நான் மீறுவேன்.

பிரச்சினை இதுதான். ஓர்வில்லுக்கு எழுபது தாண்டியாயிற்று. ஒரு மரவீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருக்கிறார். மாடியில் ட்வைலா. வீட்டுக்காரர் இறந்துபோய் மகன் கைக்கு வீடு வந்ததும், நாயை அனுப்பு, இல்லாவிட்டால் நீ போ என்றான். பிறகு காலி செய்யச் சொல்லி நோட்டீசும் கொடுத்தான். நாயைக் கொடுத்துவிட்டால் அப்புறம் அந்த வீட்டில் யாரோடு பேசுவது என்பது ஓர்வில்லின் வாதம். வாரம் மூன்று முறை அவர் டயாலிசிசுக்குப் போக வேண்டும். மையம் இரண்டு தெரு தள்ளி இருக்கிறது, நடந்தே போய் வருகிறார். டொலீடோ நகரத்தில் தங்கை மகன் ஒரு வீடு பார்த்து வைத்திருந்தான். அங்கே நாய்க்குத் தடையில்லை. ஆனால் அங்கே போனால் ஆஸ்பத்திரிக்கும் அவனுடைய காரை எதிர்பார்த்துக் கிடக்க வேண்டும்.

இருப்பதா, போவதா?

2. விதி

முதல் நாள் வகுப்பில் பர்டெட் கட்சிக்காரராக நடித்தார். அழுதார், கெஞ்சினார், என் கையைக்கூடப் பிடித்துக்கொண்டார். கடைசியில் ஒரு கேள்வி கேட்டார். "என் நெலமையில நீங்க இருந்தா என்ன பண்ணுவீங்க?"

கட்சிக்காரர்கள் கேட்பதிலேயே ஆபத்தான கேள்வி அதுதானாம். பாராலீகல் தகவல் சொல்லலாம், ஆலோசனை சொல்லக்கூடாது. தபால் பெட்டி எங்கே இருக்கிறது என்று காட்டலாம், கடிதத்தைப் போடு என்று சொல்லக்கூடாது. உரிமம் இல்லாமல் வக்கீல் வேலை பார்ப்பது குற்றம். மாணவர் செய்தால் படிப்பு போகும். எனவே வகுப்பு முழுவதும் ஒரே பதிலை ஒப்பித்தோம்: "அதை வக்கீல்தான் சொல்லணும்."

ட்வைலாவுக்கு மட்டும் அது வாயில் நுழையவில்லை. பதினெட்டு வயதிலிருந்து சாப்பாட்டுக் கடையில் பரிமாறியவள். எது நன்றாக இருக்கும் என்று ஒருவர் கேட்டால் இறைச்சி ரொட்டி வேண்டாம், சூப் வாங்குங்கள் என்று சொல்லியே பழக்கம்.

(நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இலவச சட்ட உதவிக்கு அவள் ஓர்வில்லை ஃபோன் செய்ய வைத்தாள். அவரும் செய்தார். ஃபோனில் சங்கீதம் கேட்டுக்கொண்டே காத்திருந்தார், யாரும் எடுக்கவில்லை. நல்ல சங்கீதம் என்றார்.)

3. பொருத்தம்

ஆலோசனை சொல்லக்கூடாது. சரி. ஆனால் வாரம் ஒரு கற்பனை வழக்குக்குக் குறிப்பு எழுத வேண்டும். அதை ஒரு வக்கீல் வரிவரியாகத் திருத்தித் தருவார். ட்வைலாவுக்கு மூளை வேலை செய்தது. ஓர்வில்லின் வழக்கையே வீட்டுப்பாடமாக எழுதிவிட்டாள்.

அடையாளம் தெரியாமலிருக்க மாற்றினாள். கிழவர் இளம் தாய் ஆனார். நாய் பூனை ஆயிற்று. மரவீடு அடுக்குமாடி ஆயிற்று. இன்னொன்றும் உண்டு. ஓர்வில்லிடம் குத்தகைப் பத்திரம் கிடையாது. பழைய வீட்டுக்காரரும் அவரும் மீன் பிடிக்கப் போன இடத்தில் கைகுலுக்கிப் பேசி முடித்தது. அந்தக் கைகுலுக்கல் கதையை ஓர்வில் முடிதிருத்தும் கடையில், தேவாலயத்தில், ஊசி போடும் நர்சிடம் என்று ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறார். அதை எழுதினால் எவருக்கும் ஆள் தெரிந்துவிடும். அதனால் ட்வைலா அதை எடுத்துவிட்டு, ஒரு வருஷக் குத்தகை, எழுத்தில், என்று போட்டாள்.

பர்டெட் ஓரத்தில் பச்சை மையில் எழுதியிருந்தார்: "மிகச் சரி. இந்தப் பெண் பதறாமல் வீட்டிலேயே இருக்கலாம்."

அன்று மாலையே ட்வைலா கீழே இறங்கிப்போய், பதறாமல் வீட்டிலேயே இருங்கள் என்று ஓர்வில்லிடம் சொல்லிவிட்டாள். அவர் டொலீடோவுக்கு ஃபோன் செய்து வேண்டாம் என்று சொன்னார். நோட்டீஸ் காலம் முடிந்தது, மகன்காரன் கோர்ட்டுக்குப் போனான், விசாரணைக்குத் தேதி வந்தது. இருவரும் கவலைப்படவில்லை.

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை பர்டெட் அவளுடைய அந்தக் குறிப்பை வகுப்பில் வாசித்தார். ஒரு வழக்கில் ஒரே ஒரு விஷயத்தை மாற்றிப்போட்டு எங்களைத் தடுமாற வைப்பது அவருடைய வழக்கம்.

"நல்லா எழுதியிருக்காங்க. இப்ப நான் ஒண்ணே ஒண்ணை மாத்துறேன். பத்திரம் கிடையாது. கையைக் குலுக்கிக்கிட்டாங்க, மாசாமாசம் வாடகை. இப்ப?"

பின்வரிசையில் ஒருவன், "ஒரு மாச நோட்டீஸ் போதுமே, இப்ப அந்தம்மா பூனையைத் தூக்கிக்கிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான்" என்றான். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது.

ட்வைலா கை தூக்கினாள். அந்தப் பெண் கோர்ட்டுக்கே போய் நின்றால் என்ன ஆகும் என்று கேட்டாள். போகலாம், நீதிபதி இரக்கப்பட்டு அவகாசம் தரலாம், வீட்டுக்காரன் இறங்கியும் வரலாம், தோற்றால் மட்டும் தீர்ப்பு அவள் பேரில் ஏறிவிடும், அப்புறம் எவனும் வீடு தரமாட்டான் என்றார் பர்டெட். பிறகு கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"ஏன், அந்தம்மாவை உங்களுக்குத் தெரியுமா?"

"இல்ல."

அவள் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள். பர்டெட் இன்னும் கொஞ்ச நேரம் அவளையே பார்த்துவிட்டு அடுத்த குறிப்பை எடுத்தார்.

3அ. (இதற்குத் தலைப்பு இல்லை, ஏனென்றால் இது புலம்பல்)

இங்கே வந்ததும் ஒவ்வொரு தடவையும் என் கை நின்றுவிடுகிறது. பர்டெட் மாதிரி நானும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று: ஓர்வில் கோர்ட்டுக்குப் போகிறார். நீதிபதி வீட்டிலும் ஒரு நாய் இருக்கிறது—

(சீ.)

முடிவு இரண்டு: ஓர்வில் டொலீடோ போகிறார். தங்கை மகனின் கார் ஒரு பனிநாளில் கிளம்பவில்லை—

(ஒரு மனுஷனைக் கொல்ல எனக்கு எவ்வளவு அவசரம் பாருங்கள்.)

மூன்றாவதாக, நடந்ததையே எழுதினேன். அதை ட்வைலாவிடம் வாசிக்கக் கொடுத்தேன். என் பெயர் குமுதினி. அவள் கும்மி என்பாள். அது ஒரு ஆட்டத்தின் பெயர் என்று தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன், அன்றிலிருந்து விடுவதில்லை.

"கடைசிப் பக்கத்தை எடுத்துடு, கும்மி."

"ஏன்? நடந்ததுதானே?"

"அதான். பத்திரம் இல்லாம, நாயை வச்சுக்கிட்டு எவராவது ஒருத்தர் இதைப் படிப்பாரு. இவருக்கு இப்படி ஆச்சு, நமக்கும் இப்படித்தான்னு உக்காந்துடுவாரு. இல்ல, கெளம்பிடுவாரு. நான் பண்ணின அதே வேலையை நீயும் பண்ணாதே."

"இது கதைடி. பேரு, ஊரு எல்லாம் மாத்தியிருக்கேன்."

"வேற என்ன மாத்தினே?"

சொன்னேன். இன்னும் ஒன்றை மாற்றியிருக்கிறேன். முக்கியமில்லாத விஷயம் என்றுதான் நினைக்கிறேன். ட்வைலாவும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

4. முடிவு

வகுப்பு முடிந்ததும் கார் நிறுத்தத்தில் என்னிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். ஓர்வில்லிடம் சொல்லாமல் விட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. அவளை வீட்டில் இறக்கிவிட்டு, கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு காரிலேயே இருந்தேன். ஓர்வில் வாசற்படியில்தான் இருந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்று விடாமல் சொன்னாள். தன் படிப்பு போகும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

"அப்ப நான் உன் வீட்டுப்பாடமா?"

"ஆமா."

"எத்தனை மார்க்கு?"

"ஏ."

"என்னை என்னவா ஆக்கினே?"

"சின்ன வயசு அம்மாவா."

அதை அவர் ஒப்புக்கொண்ட மாதிரித்தான் தெரிந்தது.

"பிக்கிள்ஸை?"

"பூனையா."

"பூனையாவா?" என்றார். அன்று அவர் முகத்தில் கோபத்தைப் பார்த்தது அப்போதுதான். நாயின் தலையில் கையை வைத்துக்கொண்டார். ட்வைலா அழுதாள்.

டொலீடோ வீட்டை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை என்று தங்கை மகன் காலையில்தான் சொன்னானாம். சாயங்காலத்துக்குள் பதில் வேண்டுமாம். விசாரணை செவ்வாய்க்கிழமை.

"நீயா இருந்தா என்னம்மா பண்ணுவே?" என்று கேட்டார் ஓர்வில்.

ட்வைலா நிமிர்ந்து என் காரைப் பார்த்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பிப் பதில் சொன்னாள். எனக்குத் தெளிவாகக் கேட்டது. இங்கே எழுதமாட்டேன்.

நான் தரக்கூடியது தகவல் மட்டும்தான். கோர்ட் எட்டு மணிக்குத் திறக்கிறது, விசாரணை மாடியில், நாயை உள்ளே விடமாட்டார்கள். டயாலிசிஸ் மையம் இரண்டு தெரு தள்ளி. டொலீடோவில் நாய்க்குத் தடையில்லை. இனி அந்தப் படியில், தூறலில், நீங்கள் உட்காருங்கள். ஓர்வில் உங்களைத்தான் பார்க்கிறார். அதை வக்கீல்தான் சொல்லணும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ட்வைலா அதைச் சொல்லவில்லை.