சாப்பிடவில்லை, ருசி பார்த்தேன்

நூற்று எழுபத்தொன்று.

கைப்பேசியில் வந்த அந்த எண்ணை அவள் மூன்று முறை படித்தாள். மூன்று முறையும் அது குறைகிற வழியாக இல்லை. வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் சர்க்கரை இத்தனை இருக்கக் கூடாது என்று பக்கத்திலேயே சிவப்பில் ஓர் அம்புக்குறி வேறு குத்திக்கொண்டு நின்றது. அவளுக்கு இது ஏழாம் மாதம். எட்டு வருடம் ஏறாத ஆஸ்பத்திரி இல்லை, விழுங்காத மாத்திரை இல்லை என்று அலைந்து, போதும் சாமி என்று கையை விரித்த பிறகு தானாக வந்து குடியேறிய குழந்தை. அந்தக் குழந்தைக்கு வீடு சரியில்லை என்றல்லவா இந்த எண் சொல்கிறது!

மருத்துவரம்மா போனில் பதறாமல் பேசினார். "நாளைக்குக் காலைல வெறும் வயித்தோட திரும்ப வாங்க. இன்னொரு தடவை எடுத்துப் பாப்போம். மறுபடியும் இப்படியே இருந்தா நாளைக்கே அட்மிட் பண்ணி இன்சுலின் ஆரம்பிச்சிடலாம். பயப்படாதீங்க."

பயப்படாதீங்க என்று மருத்துவர் சொன்ன பிறகு பயப்படாமல் இருக்க யாரால் முடியும்? அவள் புருஷனால் சுத்தமாக முடியவில்லை. அவன் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். பக்கத்து இருக்கையில் தனக்கென்று ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு, ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவன். எதிரே லாரி வந்தாலும் கொட்டாவி விடுகிற ஆள், அன்று சாயங்காலம் வீட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே வீடு முழுக்கச் சாவியைத் தேடினான்.

அவளுக்கு வேறு ஒரு பயம், யாரிடமும் சொல்ல முடியாத பயம். அவள் பிஸ்கட் தொழிற்சாலையில் ருசி பார்க்கிறவள். அங்கே அவளுக்கு 'நாக்கு மேடம்' என்றுதான் பெயர். பதினொரு வருடமாகத் தினமும் காலையில் ஒவ்வொரு சூளையிலிருந்தும் வருகிற பிஸ்கட்டை அவள் நாக்கில் வைத்து, சரி என்று கையெழுத்துப் போட்டால்தான் லாரி வாசலைத் தாண்டும். உப்பு ஒரு சிட்டிகை கூடினாலும் கண்டுபிடித்துவிடுவாள். ஊரே மெச்சிய அந்த நாக்கு இப்போது பெற்ற பிள்ளைக்கே எமனாகிவிட்டதோ? பதினொரு வருடச் சர்க்கரையும் சேர்ந்து வந்து குழந்தையின் தலையில் விடிகிறதோ?

நான்காம் மாதத்திலிருந்து வயிற்றோடு பேசுவது அவள் வழக்கம். இன்று எந்தச் சூளை தீய்த்தது, மேனேஜர் யாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார் என்று ஒன்று விடாமல் ஒப்பிப்பாள். அன்று மதியத்தோடு பேச்சு நின்றது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு பேசுவது?

மறுநாளும் முதல் நாளைப் போலவே ஐந்தரைக்கு வேலைக்குப் போனாள். வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. எட்டரைக்கு வேலையை முடித்துக்கொண்டு வெளியே ஓடி வந்தபோது, 'பழகுநர்' என்று முதுகில் எழுதிய காரோடு புருஷன் காத்திருந்தான். பழகுபவர்கூட அப்படி ஓட்ட மாட்டார். இரண்டு முறை வண்டியை நடுவழியில் அணையவிட்டு, ஒரு முறை பின்னால் வந்தவனிடம் திட்டு வாங்கி, எப்படியோ ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார்கள்.

ரத்தம் எடுக்கிற பெண் கறார்ப் பேர்வழி. மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்துக் கேட்டாள்.

"நைட்டுக்கு அப்புறம் ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"பச்சைத் தண்ணிகூட உள்ள போகலங்க."

"சத்தியமா," என்று கேட்காமலே சாட்சி சொன்னான் புருஷன்.

ஊசியைக் கண்டால் கண்ணை இறுக மூடி வாயை ஆவென்று திறந்துவிடுவது அவள் சுபாவம். திறந்தாள். ஊசி வரவில்லை. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தால், அந்தப் பெண் ஊசியை ஓரமாக வைத்துவிட்டு அவள் வாய்க்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க நாக்கு ஏன் இப்படிக் கறுத்துக் கெடக்கு?"

"கறுத்துடுச்சா!" புருஷன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "ஐயோ, நாக்குக்கும் வந்துடுச்சா? டாக்டர! டாக்டரக் கூப்புடுங்க!"

"சும்மா இருங்க, மானத்த வாங்காதீங்க," என்று அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அது சாக்லேட்டுங்க. இந்த வாரம் புது க்ரீம் போட்டிருக்கோம். காலைல ருசி பாத்தேன்."

அந்தப் பெண் கையிலிருந்த பஞ்சையும் கீழே வைத்தாள்.

"சாப்பிடலன்னு சொன்னீங்க."

"சாப்பிடல. ருசி பாத்தேன்."

"பாத்துட்டுத் துப்பிட்டீங்களா?"

"துப்பினா எப்படிங்க தெரியும்? தொண்டைல எறங்கும்போது ஒரு ருசி வரும், அதுதானே முக்கியம். வாய் கொப்பளிச்ச தண்ணியத்தான் துப்பிடுவேன். வெறும் வயித்தோட இருக்கணும்னு சொன்னீங்கல்ல, அதனால ரெண்டு நாளும் காலைல ஒரு சொட்டுத் தண்ணிகூட முழுங்கல." அதைச் சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"எத்தன பிஸ்கட்?"

"இன்னைக்குப் பன்னெண்டு. நேத்து லோடு அதிகம், பதினாறு."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே அது காதில் விழுந்தது. பதினாறு க்ரீம் பிஸ்கட்டை உள்ளே தள்ளிவிட்டு வந்து, வெறும் வயிறு என்று கையை நீட்டியிருக்கிறாள்! அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. பதினொரு வருடமாகச் சாப்பாடு என்றால் அவளுக்கு டப்பாவைத் திறந்து உட்கார்ந்து சாப்பிடுவதுதான். மற்றது வேலை. பெருக்குகிறவர் தூசியை மூச்சில் இழுத்ததைச் சாப்பாடு என்று சொல்வாரா?

ரத்தம் எடுக்கிற பெண் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பார்த்தால் சிரிக்கிறாள். அடுத்த நிமிஷம் அவளும் சிரித்தாள், புருஷனும் சிரித்தான், வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

சிரித்து ஓய்ந்ததும் அந்தப் பெண் மறுபடி கறாரானாள். "இன்னைக்கு எடுத்துப் பிரயோஜனமில்ல. நாளைக்கு வாங்க. வேலைக்குப் போகாம வாங்க! இப்பவும் ஒண்ணும் இல்லன்னு சொல்ல முடியாது. எடுத்துப் பாத்தாத்தான் தெரியும்."

அவள் அங்கேயே மேனேஜருக்குப் போன் போட்டாள்.

"நாளைக்கு வரமாட்டேன் சார்."

"அப்போ யாரும்மா ருசி பாக்குறது?"

"நீங்களே பாருங்க சார். உங்களுக்கும் ஒரு நாக்கு இருக்குல்ல."

மூன்றாம் நாள் காலை, நிஜமாகவே காலியான வயிற்றோடு, மேசை மேல் இருந்த சர்க்கரை டப்பாவை ஜன்மப் பகையாளியைப் பார்ப்பது போல் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். ரத்தம் எடுத்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். போன மூன்று மாதமும் உடம்பில் சர்க்கரை எப்படி இருந்தது என்று காட்டுகிற பரிசோதனையும் செய்தார்கள். மதியம் மருத்துவரம்மா காகிதங்களைப் பரப்பி வைத்தபோது புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் கையை ஒருவர் நசுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"தொண்ணூத்தெட்டு," என்றார் அவர். "கர்ப்பிணிக்கு இதுவும் கொஞ்சம் கூடத்தான். லேசா சுகர் இருக்கு. சாப்பாட்டுலயும் நடையிலயும் கட்டுப்படுத்திப் பாக்கலாம். வாரா வாரம் செக் பண்ணணும். இப்போதைக்கு இன்சுலின் வேண்டாம்."

அவள் 'ஐ' என்று கத்தியேவிட்டாள்.

"என்னம்மா, சுகர் இருக்குன்னு சொல்றேன், லாட்டரி விழுந்த மாதிரி குதிக்கிறீங்க?"

"டாக்டர்," அவள் குரல் சட்டென்று இறங்கியது. இரண்டு நாளாகத் தொண்டையில் நின்ற கேள்வி. "இது என் வேலையால வந்ததா? நான்தான் குழந்தைக்குக் கெடுதல் பண்ணிட்டேனா?"

மருத்துவரம்மா பேனாவை மூடினார். "மூணு மாசத்து ரிசல்ட் நல்லாத்தான் இருக்கு. இது கர்ப்பத்துல வர்றது. பிஸ்கட்டே தொடாதவங்களுக்கும் வருது. குழந்தை எடை சரியா இருக்கு, இதயம் ஜோரா ஓடுது. நீங்க ஒரு கெடுதலும் பண்ணல. ஆனா ஒண்ணு, பிரசவம் வரைக்கும் அந்த நாக்குக்கு லீவு. ஒரு துண்டுகூடக் கூடாது."

"விடுங்க டாக்டர், வேலையே போனாலும் போகட்டும்!"

காருக்குள் வந்து உட்கார்ந்தார்கள். புருஷன் சாவியைத் திருப்பினான், கிளட்சைச் சட்டென்று விட்டதில் வண்டி அணைந்தது. மறுபடி திருப்பினான், மறுபடி அணைந்தது. ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அப்படியே கிடந்தான். இந்த மூன்று நாளும் அவன் எவ்வளவு பயந்து போயிருந்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தாள். பிறகு இன்னொரு கையை வயிற்றின் மேல் வைத்தாள். என்ன பேசுவதென்று தெரியவில்லை. எப்போதும் ஆரம்பிக்கிற இடமெல்லாம் மறந்துவிட்டிருந்தது.

"ஏய்," என்றாள். "ரெண்டு நாளா அம்மா உங்கிட்டப் பேசல. நீ கோவமா இருப்பேன்னு நெனச்சுட்டேன்."

அதற்கு மேல் முடியவில்லை. அழுகையும் சிரிப்பும் ஒன்றாகப் பொத்துக்கொண்டு வந்தன. உள்ளே ஒரு உதை விழுந்தது, நல்ல பலமான உதை.

"கோவமாத்தான் இருக்குங்க!" என்று அவள் சந்தோஷம் தாங்காமல் கத்தினாள்.