பக்கவிளைவே கிடையாது

…பொய்கூட இல்லை, அதுதான் தங்கைக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது, ‘வேற மருந்து மாத்திரை ஏதாவது சாப்பிடுறியா?’ என்று ஊசி குத்துவதற்கு முன்னால் கேட்டபோது ‘ஒண்ணுமே இல்லடி’ என்று அக்கா சொன்னாளே, அவளைப் பொறுத்தவரை அது மருந்தே இல்லை, மருந்து என்றால் டாக்டர் எழுதித் தருவது, இது பச்சை மூடி போட்ட பாட்டிலில் வருகிற வெறும் இலையும் வேரும், இயற்கையானது, இயற்கை யாரையும் ஒன்றும் செய்யாதாம், விஷக்காளான்கூடத்தான் இயற்கையாக முளைக்கிறது, வறுத்துத் தின்று பார்க்கட்டுமே! பதினெட்டு வருடமாக இந்த ஆய்வகத்தில் ஊரார் இரத்தத்தையெல்லாம் சுழற்றிப் பார்க்கிறவள், அக்காவின் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள், மேலே வெளிர் வைக்கோல் நிறத்தில் தெளிந்திருக்க வேண்டிய நீர் அடர்மஞ்சளாக இருந்தது. இயந்திரத்தில் வைத்துப் பொத்தானை அழுத்தியாகிவிட்டது, இன்னும் பன்னிரண்டு நிமிடம், அதுவரை என்ன செய்வது, நகத்தைக் கடித்துக்கொண்டு நிற்பதா?

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அக்கா நாற்காலியில் உட்கார்ந்து முழங்கையைச் சொறிந்துகொண்டிருந்தாள், கண்ணின் வெள்ளையெல்லாம் மஞ்சள், ‘தூக்கம் சரியில்ல, அதான்’ என்று சமாதானம் வேறு. சலவைக் கடையில் காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றபடியே இஸ்திரி போடுகிறவள், முட்டி வலிக்காமல் என்ன செய்யும், டாக்டரிடம் போனாள், அவர் தலையை நிமிர்த்தாமல் ‘எடையைக் குறைங்கம்மா’ என்று இரண்டே நிமிடத்தில் அனுப்பிவிட்டார், அப்போது பார்த்து வந்து சேர்ந்தாள் அந்த டானிக் டீச்சர், பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பாட்டில் விற்கக் கிளம்பியதால் தெருவே அவளுக்கு வைத்த பெயர். நான்கு மாதமாம், காலையில் இரண்டு மூடி, இரவில் இரண்டு மூடி, நான்கு மாதமாக இது நடந்திருக்கிறது, கூடப்பிறந்தவள் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள், அவளிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று தோன்றவில்லையே! ஏன் சொல்லவில்லை என்றதற்கு ‘உன்கிட்ட சொன்னா திட்டுவே’ என்றாள், திட்டத்தான் செய்வேன், திட்டாமல் கொஞ்சுவார்களா…

ஊசி குத்தி முடித்த பிறகு அக்காவின் பையில் கண்டு பிடுங்கி வந்த பாட்டிலை மேசையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், பன்னிரண்டு மூலிகைகளின் சாறு, எந்த மூலிகை, எவ்வளவு, ஒன்றும் கிடையாது, ஆனால் முட்டிவலி, சர்க்கரை, முடி உதிர்வு, மனச்சோர்வு எல்லாம் தீருமாம், ஆயிரக்கணக்கானோர் குணமடைந்தார்களாம், எண்ணியது யார், குணமடையாமல் போனவர்களை எந்த நோட்டில் எழுதினார்கள்? வலி குறைந்தால் மருந்து வேலை செய்கிறது, குறையாவிட்டால் இன்னும் இரண்டு மூடி சேர்த்துக் குடி, அரிப்பு வந்தால் ரொம்ப நல்லது, கழிவு வெளியேறுகிறது, எப்படிப் போட்டாலும் அவர்களுக்கே வெற்றி, இப்படியொரு ஆட்டத்தில் தோற்பதற்கு என்றே ஒருத்தி வேண்டுமே, அதற்குத்தான் அக்கா! இதில் ‘படிச்ச டீச்சரம்மா சொல்றாங்க, தப்பா இருக்குமா?’ என்று கேள்வி வேறு…

இயந்திரம் கூவியது. கல்லீரல் நொதியின் அளவு, நாற்பதுக்குள் இருக்க வேண்டியது ஆயிரத்து நூற்று அறுபது. நம்பாமல் மறுபடி ஓட்டினாள், ஆயிரத்து நூற்று ஐம்பத்தெட்டு. யாருக்கோ வந்திருந்தால் சிவப்புப் பேனாவில் சுழித்துவிட்டு அடுத்த குழாயை எடுத்திருப்பாள், இப்போது அக்காவின் கல்லீரல் வெந்துகொண்டிருக்கிறது என்பதைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை. மேல்மாடி டாக்டருக்குப் போனில் சொன்னாள், ‘உடனே கூட்டிட்டு வாங்க, அட்மிட் பண்ணணும், அந்த பாட்டிலையும் எடுத்துட்டு வாங்க’ என்றார். சரி சார் என்று வைத்தவள், கதவைத் திறக்காமல், பாட்டிலில் ஒட்டியிருந்த டீச்சரின் போன் நம்பரை அழுத்தினாள், ஒரு நிமிடம் போதும், ஒரே நிமிடம், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி…

கேட்கவும் செய்தாள். வெட்கமாக இல்லையா, கமிஷனுக்காகச் சலவைக் கடையில் நிற்கிற என் அக்காவின் ஈரலைத் தின்பீர்களா, பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன வாயா இது, என்று மூச்சு விடாமல் பொரிந்து தள்ளினாள். அந்தப் பக்கத்திலிருந்து மெல்ல டீச்சரின் குரல்.

“நானும் அதைத்தாம்மா சாப்பிடுறேன். ஒரு வருஷமா. எனக்கும் பத்து நாளா அரிப்புதான்.”

ஏமாற்றுக்காரிக்கென்று கூர் தீட்டி வைத்திருந்ததெல்லாம் வீணாய்ப் போனது. நம்பினாளா, அவளும் நம்பித்தான் விற்றாளா, நம்பி விற்றால் மட்டும் விஷம் இனிக்குமா, விடக்கூடாது, இவளை விடவே கூடாது… “முதல்ல அதை நிறுத்துங்க. இன்னைக்கே இங்க வந்து ரத்தம் குடுங்க,” என்று அதட்டினாள், “வேற யாருக்கெல்லாம் குடுத்தீங்க?”

டீச்சர் எந்த நோட்டையும் புரட்டினதாகத் தெரியவில்லை. மனப்பாடமாகச் சொன்னாள். பேக்கரிக்காரர் மனைவி, தோள்பட்டை, இடது கையைத் தூக்க முடியாது. பஸ் டிரைவர், இடுப்பு, உட்கார்ந்தால் எழ முடியாது. தபால்காரர் மாமியார், விரல் மடங்காது. “அப்புறம் உங்க அக்கா. ஒரு முட்டிதான். படியேறும்போதுதான் ரொம்ப. ஒரு நாள் கடை பெஞ்சுல உக்காந்து அழுதாம்மா…”

எல்லோரையும் வரவழைக்கச் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். கோபம் இம்மியும் குறையவில்லை, ஆனால் எந்தப் பக்கம் திரும்பி நிற்பது என்று அதற்கே தெரியவில்லை. ஒரு முட்டியா? இரண்டும் என்றல்லவா நினைத்திருந்தாள், அக்கா சொன்னாளா, சொன்னபோது கேட்டோமா, இல்லை ‘வயசாச்சுன்னா வலிக்கத்தான் செய்யும்’ என்று… கதவைத் தள்ளினாள். “என்னடி, முகம் இப்படி இருக்கு?” என்று கேட்டுக்கொண்டே அக்கா சுவரைப் பிடித்தபடி எழுந்தாள், தங்கை, எந்தக் காலை முதலில் ஊன்றுகிறாள் என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.