அடுத்தவள் அட்டை

விடிகாலை ஐந்து மணிக்கே ஆஸ்பத்திரி விரிப்புகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கிவிடும். உதறிப் பிரித்து, எந்திரத்தில் தள்ளி, ஈரத்தோடு தூக்கி, காயவைத்துத் தேய்க்கும் சூட்டு உருளைக்குள் கொடுக்க வேண்டும். எட்டு மணிக்கெல்லாம் இடுப்பு கழன்றுவிடும். வேலை முடிந்து மாலையில் எனக்குச் சட்டக் கல்லூரி. சலவைக்கூடத்தில் என்னை வக்கீலம்மா என்பார்கள். பிள்ளை பிறக்குமுன் பேர் வைத்த கதைதான்.

எல்லோரும் கடல் தாண்டிப் பிழைக்க வந்தவர்கள். லீவு கேட்டால் முதலாளி ஊருக்கே அனுப்பிவிடுவார். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம்: ஒருத்தி வர முடியாவிட்டால், அன்று வேலை இல்லாத இன்னொருத்தி அவள் வருகை அட்டையை வாசல் எந்திரத்தில் தேய்த்துவிட்டு அவள் இடத்தில் நிற்பாள். மேஸ்திரிக்கும் தெரியும், விரிப்பு மடிந்தால் போதும் அவருக்கு. போன வாரம் ஒரு நாள் காலையில் எனக்குத் தேர்வு. என் அட்டையில் அக்கா நின்றாள். கூடப் பிறந்தவள் இல்லை, ஒரே அறையில் பக்கத்துக் கட்டில். உருளை அவள் வலது கையை இழுத்துக்கொண்டது. அந்த நேரத்தில் நான் எழுதிக்கொண்டிருந்தது தொழிலாளர் சட்டம். நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

கட்டுப் போட்ட கையோடு அக்காவை மறுநாள் விமானம் ஏற்ற ஏற்பாடாகிவிட்டது. அவளுக்கு நஷ்டஈடு கேட்டு எல்லோருமாக முதலாளி அறைக்குப் போனோம். அவர் வருகைப் பதிவைத் திருப்பிக் காட்டினார்.

"அன்னிக்கு இவ வேலைக்கே வரல. உருளைகிட்ட நின்னது நீதான். உன் கை நல்லாத்தானே இருக்கு?"

வாயை மூடிக்கொண்டால் எனக்கு ஒன்றும் வராது. திறந்தால், பொய் வருகை போட்டவள் என்று ஒரு கறை. வக்கீலாகப் பதிவு செய்ய விடுவார்களோ மாட்டார்களோ. அக்கா என் முழங்கையைத் தொட்டு, வேண்டாம் என்று தலையசைத்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"நான் பரீட்சை ஹால்ல இருந்தேன் சார். அங்க என் கையெழுத்து இருக்கு. என் அட்டையில நின்னது அக்கா."

"அப்ப மோசடி. உன் காலேஜுக்கு எழுதிக் குடுப்பேன், உன் படிப்பு அதோட சரி."

"நானே எழுதித் தரேன். முழுசா எழுதறேன்."

பின்னால் நின்ற மடிப்புக்காரி தன் அட்டையைக் கழற்றி மேசைமேல் போட்டாள். "என் அட்டையிலயும் ஆள் நின்னிருக்கு. என்னையும் சேத்து எழுதுங்க." அப்புறம் அவள் நாத்தனார். அப்புறம் வரிசையாக எல்லோரும். மேஸ்திரி மட்டும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே உருளைகள் நின்றுபோயிருந்தன. லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.

படிக்கட்டிலேயே உட்கார்ந்து தொழிலாளர் துறைக்கு மனு எழுதினேன். என் தப்பை முதல் பத்தியிலேயே போட்டேன். பெரிய கம்பெனிகளின் வக்கீலிடம் அப்பா எனக்காகச் சொல்லிவைத்திருந்த ஜூனியர் வேலை அதோடு போயிற்று. போகட்டும்; என் வேலை இந்தப் படிக்கட்டில்தான். நாளை அக்காவை ஏற்றாமல் தடுக்க முடியுமா, தெரியாது. பதினேழு பேர் கையெழுத்துப் போட்டார்கள். கடைசியில் அக்கா இடது கையால் பேனாவை வாங்கினாள். கோணல்மாணலாக, எழுத்தெழுத்தாக, தன் சொந்தப் பெயரை எழுதினாள்.