ஒருமுறைகூட அறுபடாத இணைப்பு

காலையில் செயலியின் புதிய பதிப்பு போனதிலிருந்து மாரிட்டின் திரையில் ஒரு சிவப்புகூட இல்லை.

"பாத்தியா கார்வின்? மதியம் ரெண்டு ஆகுது, ஒரு இணைப்புகூட அறுபடல!"

"அடேங்கப்பா! தலைவியக் கையில பிடிக்க முடியாது இன்னிக்கு," என்றான் பக்கத்து மேசைக்காரன்.

பெருமைக்குக் காரணம் இருந்தது. பழைய முறையில் கைபேசி வீட்டு வைஃபையை விட்டு வெளி சிக்னலுக்குத் தாவினாலே இணைப்பு செத்துப்போகும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒரு தகவல் வழியில் சிக்கினால் பின்னால் வருவதெல்லாம் காத்துக் கிடக்கும். புதிய பதிப்பு ஓடும் எச்.டி.டி.பி. மூன்று என்ற இணைய நெறிமுறையில் அந்தத் தொல்லை கிடையாது. ஒன்று சிக்கினாலும் மற்றவை போய்க்கொண்டேயிருக்கும். ஆள் எங்கே நடந்தாலும் இணைப்பும் கூடவே வரும்.

அவள் செயலி மறதி நோய்க்காரர்களுக்கானது; அவர்கள் தனியே வீட்டை விட்டு வெளியேறினால் அலாரம் அடிக்கும். மொத்தம் ஐநூறு வீடுகள். முதல் வீடு அவள் அப்பா லேஃபுடையது. குளிர்ப் பிரதேசமான டுலூத் நகருக்கு வெளியே, கொல்லைப்புறத்தில் ஏரி. போன வாரம் இரண்டு முறை அலாரம் அடித்து, பக்கத்து வீட்டுக்காரர் ஓடிப்போய் அவரைக் கரையிலிருந்து கூட்டிவந்தார்.

"ஆமா, இன்னிக்கு வெளிய போனவங்க எத்தன பேரு?" கார்வின் சும்மாதான் கேட்டான்.

"யாருமே போகல. அலாரமே அடிக்கல."

"ஐநூறு வீட்லயுமா? தெனம் முப்பது பேராவது வாசலத் தாண்டுவாங்களே!"

மாரிட் அலாரப் பட்டியலைத் திறந்தாள்; காலையிலிருந்து ஒன்றுமில்லை. அந்த அலாரத்தை எழுதியவளே அவள்தான். இருப்பிடம் பார்த்தால் பேட்டரி தீர்ந்துவிடும் என்று ஒரு குறுக்குவழி: இணைப்பு அறுந்தால் ஆள் வைஃபையைத் தாண்டிவிட்டார், அலாரம் அடி. கெட்டிக்காரத்தனம்தான், யார் இல்லையென்றது! பழைய முறையின் நோஞ்சான்தனத்தை நம்பிப் போட்ட காவலை இன்று காலை தன் கையாலேயே எடுத்துவிட்டாள் பாவி.

அப்பாவை அழைத்தாள். உடனே எடுத்தார்.

"அப்பா, எங்கப்பா இருக்க?"

"இங்கதான் கண்ணு." காற்று இரைந்தது. "என் மீன்பிடிக் குடிலை எவனோ தூக்கிட்டுப் போயிட்டான். நடு ஏரி வரைக்கும் வந்து தேடுறேன்."

பனி கெட்டியான பிறகு ஏரிமேல் போடும் குடில் அது; இந்த வருடம் இன்னும் போடவேயில்லை. டிசம்பர் முதல் வாரம். ஏரி உறைந்து நாலு நாள்கூட ஆகவில்லை, ஆள் பாரம் தாங்காது. கார்வின் அவசர எண்ணை அழைத்தான்.

"அப்பா, ஒரு அடிகூட எடுத்து வைக்காத! அப்படியே படுத்துக்க! கைகால விரிச்சுப் படு, பாரம் பரவட்டும்!"

"ஏன் இப்படிக் கத்துற? நீ பேசுறது பக்கத்துல நின்னு பேசுற மாதிரி கேக்குது." பிறகு, குரல் தாழ்ந்து, "மாரிட்... கீழ ஏதோ முறியுதும்மா."

சளக்கென்று தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

"அப்பா! அப்பா!"

திரையில் லேஃபின் பெயருக்கு எதிரே பச்சை எரிந்துகொண்டேயிருந்தது. அரை நிமிடம் கழித்து அது சிவந்தது. அன்றைக்கு முதல்முறையாக அலாரம் அடித்தது.