லாசர் படத்துக்குள் மரிய புஷ்பம்

மரிய புஷ்பம் செத்து அடக்கமான எட்டாம் நாள், காலனிச் சின்னக்கோயிலில் மாட்டியிருந்த லாசர் படத்துக்குள் வந்து நின்றாள். இது நடந்தது 1974 ஐப்பசியில். கல்லறையிலிருந்து லாசர் எழுந்து உட்கார, இயேசு கையைத் தூக்கி நிற்க, அவர் காலடியில் முக்காடு போட்டு, புருவத்துத் தழும்போடு, அச்சு அசலாக அவளேதான்.

அது ஹாலந்து தேசத்துப் படம். முந்நூறு வருடத்துக்கு முன் யாரோ ஓர் ஓவியர் செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, திராவகத்தில் ஊறவைத்து, மை தடவித் தாளில் ஒற்றியெடுத்தது. நிறமே கிடையாது, எல்லாம் கருங்கோடு. திருமானூருக்குக் கிழக்கே கொள்ளிடக்கரையில் இருந்த அந்த ஊரின் பெரிய கோயிலுக்குத்தான் ஒரு டச்சுச் சாமியார் அதைக் கொடுத்துவிட்டுப் போனார். மேலத்தெருக்காரர்கள் ஒரு வாரம்கூட வைத்திருக்கவில்லை. காரணம், படத்தில் இயேசு தூக்கியிருந்தது இடது கை. பீச்சாங்கையால் ஆசீர்வதிக்கும் சாமியை எவன் கும்பிடுவான்? தகட்டில் வலதாகக் கீறியது தாளில் இடதாகத்தான் விழும் என்று பங்குச்சாமியார் தலைகீழாக நின்று பார்த்தார், எடுபடவில்லை. "காலனிக்கு அது போதுங்க சாமி" என்றார் ஊர்ப் பெரியதனக்காரர் லூர்துராஜ்.

கல்லறைத் தோட்டத்தில் ஒரு சுவர் உண்டு. உள்ளே மேட்டில் மேலத்தெருப் பிணங்கள், வெளியே பள்ளத்தில் காலனிப் பிணங்கள். ஐப்பசி பிறந்தால் பள்ளத்தில் தண்ணீர் தேங்கிப் பெட்டிகள் மிதக்கும், கயிறு போட்டு இழுத்துக் கட்டிவைப்பார்கள். மரிய புஷ்பத்தின் இரண்டு பிள்ளைகளும் அந்தத் தண்ணீரில்தான் கிடந்தார்கள். தன்னையாவது காய்ந்த மண்ணில் வைக்கச்சொல்லி, புருஷன் அமிர்தசாமியிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். அவன் லூர்துராஜ் வீட்டு வாசலில் ஒரு பகல் முழுக்க நின்றான். "செத்தவளுக்கு மேடு என்னடா, பள்ளம் என்னடா?" என்று கேட்டுவிட்டு அவர் சாப்பிடப் போய்விட்டார். அவளும் தண்ணீருக்குள்தான் போனாள். ஆனால் படத்துக்குள் அவள் நின்ற தரை காய்ந்திருந்தது. அமிர்தசாமி முதலில் பார்த்தது அதைத்தான்.

அதற்கப்புறம் காலனியில் யார் செத்தாலும் எட்டாம் நாள் படத்தில் ஏறிக்கொண்டார்கள். பத்து வருடத்தில் முப்பத்தொரு பேர். ஏலாக்குறிச்சிக்குப் போகிற யாத்திரைக்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி இறங்கிப் பார்த்தார்கள். மேலத்தெருவுக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? 1984இல் லூர்துராஜுக்கு வைத்தியர் கையை விரித்ததும், செப்புத் தகட்டின் நியாயம் அவர்களுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. எதிரே ஒரு கண்ணாடி வைத்தால் வலது கைதானே! ஆள் விட்டுப் படத்தைப் பெரிய கோயிலுக்கே தூக்கிப்போய், எதிரே ஆளுயரக் கண்ணாடியும் மாட்டினார்கள். அமிர்தசாமி ஓடிப்போய் லூர்துராஜின் கட்டிலடியில் விழுந்தான்.

"எம் பொண்டாட்டி அதுல இருக்காங்கய்யா."

"இருந்துட்டுப் போறா. நாங்க என்ன வேண்டாம்னா சொன்னோம்? பூசைக்கு வந்து பாத்துட்டுப் போ, பின்னால நின்னு."

மாசியில் லூர்துராஜ் செத்தார். எட்டாம் நாள் தோளில் துண்டோடு லாசருக்குப் பக்கத்தில் வந்து நின்றார். ஊரே வேட்டுப் போட்டது. பதினைந்தாம் நாள் படத்தின் குறுக்கே ஒரு மெல்லிய கோடு கிளம்பியது. யாரும் கீறவில்லை. தவக்காலம் முடிவதற்குள் கோட்டின் மேல் கோடு ஏறி முழங்கால் உயரச் சுவராகிவிட்டது. இயேசுவும் லாசரும் லூர்துராஜும் உள்ளே, காலனிச் சனம் வெளியே. இயேசுவும் தூக்கிய கை தூக்கியபடியே நின்றார்.

அமிர்தசாமி அரியலூர் கடிகாரக் கடையில் பூதக்கண்ணாடி இரவல் வாங்கிவந்து, அடுத்த ஞாயிறு பூசையில் மனைவியைக் கோடு கோடாகத் தேடினான். உள்ளே இல்லை. வெளியே நின்ற கூட்டத்திலும் இல்லை. கடைசியில் சுவரோரம் கண்டுபிடித்தான். சும்மாடு கூட்டி, சாந்துச் சட்டியைத் தலையில் வைத்து, அந்தச் சுவருக்கு அவள்தான் சித்தாள்.

"ஏ புஷ்பம், எறக்கி வையிடி!" என்று அலறினான்.

"பூச நடக்குது, சத்தம் போடாத" என்றார் உபதேசியார்.

சுவர் இப்போது மாரளவுக்கு வந்துவிட்டது. பூசைக்கு வருகிறவர்கள் அந்த வாரம் எத்தனை வரிசை ஏறியிருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு முழங்காலிடுகிறார்கள்.