முத்திரை உடையாத முப்பத்தொன்று

ராணுவ டாங்கிக் கிடங்கின் பொறுப்பாளர் சவேலி கோந்த்ராத்திச்சின் கோட்டுப் பையில் இரண்டு பொருள்கள் எப்போதும் இருக்கும். ஒன்று பித்தளை முத்திரை, மற்றது பழுப்பு நிற மெழுகுக் களி. டாங்கியின் மூடியைச் சாத்திக் கயிறு கட்டி, முடிச்சின் மேல் களியை அப்பி முத்திரையை அழுத்திவிட்டால் தீர்ந்தது விஷயம். ராணுவத்தைப் பொறுத்தவரை அந்த டாங்கி சௌக்கியமாக இருக்கிறது. உள்ளே எட்டிப் பார்க்க வேண்டுமானால் முத்திரையை உடைக்க வேண்டும். உடைத்தவர் மூன்று தாள்களில் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வசந்தத்தில் ஒரு தடவை, இலை உதிரும்போது ஒரு தடவை என்று சோதனைக்கு வந்துபோன அதிகாரிகளில், இருபத்திரண்டு வருஷத்தில் ஒருவர்கூட அந்த வம்பை விலைக்கு வாங்கியதில்லை. முன்வரிசையில் நடப்பார்கள், நாலு முத்திரையை விரலால் தடவுவார்கள், அப்புறம் நீராவிக் குளியல், புகை போட்ட மீன், வோட்கா, ரயில்.

சும்மா சொல்லக்கூடாது, முன்வரிசை டாங்கிகள் மணப்பெண் மாதிரிதான் இருக்கும். வருஷா வருஷம் பச்சைப் பெயின்ட், எண்ணெய், எல்லாம் அதற்குத்தான். பின்னால் லார்ச் மரங்களுக்கு அடியில் நின்றவைதான் பாவம். சம்பளம் ஒழுங்காக வராத வருஷங்களில் அவற்றின் வயிற்றிலிருந்து செம்புக் கம்பி போயிற்று, பாட்டரி போயிற்று, குறிபார்க்கும் கண்ணாடி போயிற்று, கடைசியில் எஞ்சினே லாரியேறிப் போயிற்று. எல்லோரும்தான் எடுத்தார்கள். அப்போதைய தளபதி எடுத்ததில் மாடி வீடு எழும்பியது. சவேலி எடுத்ததில் அவர் மனைவி க்ளவ்தியாவின் தக்காளிக் கொட்டகைக்குக் குளிர் தெரியாமல் வெந்நீர்க் குழாய் ஓடியது. ஒவ்வொரு தடவையும் கடைசி வேலை சவேலியுடையது. மூடியைச் சாத்திக் களியை அப்புவார். நான் முத்திரை போடுகிறவன், அவ்வளவுதானே என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொள்வார்.

அப்புறம் சண்டை வந்தது. பைக்கால் ஏரிக்கு அப்பால், கிடங்கு இருந்த, யாரும் எட்டிப் பார்க்காத அந்தப் பள்ளத்தாக்குக்கு டாங்கிகளை ஏற்றிப்போக ரயில் மேல் ரயில் வந்தது. முதல் வருஷம் முன்வரிசை போயிற்று. அடுத்த வருஷம் நடுவரிசைகள் போயின. அவற்றில் மூன்றைப் பிரித்து ஒன்றாகச் சேர்த்து ஓட வைத்தார்கள். நானூறு டாங்கி நின்ற இடத்தில் புல் முளைத்தது. மூன்றாவது வருஷம் மார்ச்சில் மிஞ்சியது லார்ச் மரத்தடி முப்பத்தொன்று. எல்லாம் முத்திரை உடையாதவை.

அந்த முப்பத்தொரு வெற்றுக் கூடுகள் மீது சவேலிக்குத் திடீரென்று பெற்ற பிள்ளை மேல் வைக்கும் பாசம் வந்துவிட்டது. காரணம் பெற்ற பிள்ளைதான்.

மகன் தீகனுக்கு இருபத்து நான்கு வயது. ஊர்ப் பையன்களை வரிசையாகப் பிடித்துப் போருக்கு ஏற்றியபோது, அப்பா ஓடியாடி அவனைக் கிடங்குக் காவலில் சேர்த்துவிட்டார். காவலுக்குத் தொழில் தெரிந்தவன்தான் வேண்டும் என்றார்கள். அதனாலென்ன, 'முதல் தர டாங்கி ஓட்டுநர்' என்று ஒரு சான்றிதழ் தயாராகிவிட்டது. தீகன் அதுவரை ஓட்டியது ஒரு பால் வண்டி. அதையும் ஒரு தடவை ஓடையில் இறக்கியிருக்கிறான். ஆனால் காவலுக்கு ஒரு விதி இருந்தது. காக்கப் பொருள் இருக்கும்வரைதான் காவல். கிடங்கு காலியானால் காவலர்கள் காலாட்படைக்குப் போக வேண்டும்.

மார்ச் கடைசியில் கர்னல் ஆர்க்கிபவ் வந்து இறங்கினார். சவேலியைவிட இருபது வயது சின்னவர், தூக்கம் கெட்ட முகம். மிச்சமிருக்கும் முப்பத்தொன்றும் உடனே வேண்டும் என்றார். சவேலி பகலெல்லாம் யோசித்து, வாழ்க்கையில் செய்யாத ஒரு காரியத்தைச் செய்வதென்று முடிவெடுத்தார். உண்மையைச் சொல்லிவிடுவது. நான் ஜெயிலுக்குப் போவேன். ஆனால் நகராத டாங்கியை எவன் கொண்டுபோவான்? அது இங்கேயே கிடக்கும், அதைக் காக்கப் பையனும் இங்கேயே இருப்பான்.

மறுநாள் காலை கர்னலை மரத்தடிக்குக் கூட்டிப் போய், முதல் டாங்கியின் முத்திரையைத் தன் கையாலேயே உடைத்து, எஞ்சின் மூடியைத் தூக்கிக் காட்டினார். எஞ்சின் இருக்க வேண்டிய குழியில் அணில் சேர்த்து வைத்த பைன் கொட்டைகள் ஒரு கூடை அளவுக்குக் கிடந்தன.

"முப்பத்தொண்ணும் இப்படித்தான், கர்னல். எல்லாம் நல்லாருக்குன்னு இருபத்திரண்டு வருஷமா கையெழுத்துப் போட்டவன் நான்தான். என்னைப் பிடிச்சு உள்ள போடுங்க. ஆனா இதுங்க இங்கதான் கிடக்கணும்."

கர்னல் அந்தக் கொட்டைகளில் ஒன்றை எடுத்துப் பல்லால் உடைத்து மென்றார்.

"நேத்து சாயங்காலமே முப்பத்தொண்ணும் தயார்னு எனக்கு மேல இருக்கறவர்கிட்ட சொல்லிட்டேன், கோந்த்ராத்திச். அவரு அவருக்கு மேல சொல்லிட்டாரு. இப்ப அது எந்த மேஜையில நிக்குதோ எனக்கே தெரியாது. இத்தனை வருஷம் கழிச்சு இன்னைக்குத்தானா யோக்கியனா ஆகணும்னு தோணுச்சு? களி வச்சிருக்கீங்களா?"

"இருக்கு."

"அப்ப ஒட்டுங்க."

சவேலி ஒட்டினார். வேறென்ன செய்வார், கை பழகிய வேலை.

டாங்கிகள் முதலில் போகும் பழுதுபார்க்கும் ஆலைவரை சரக்கோடு ஓர் ஓட்டுநர் போய் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. கர்னல் காவலர் பட்டியலில் விரலை ஓட்டினார். விரல் முதல் தரத்தில் போய் நின்றது. சவேலி பதறிப்போய், பையனுக்கு ஓட்டவே தெரியாது, அந்தச் சான்றிதழ் பொய் என்று கெஞ்சினார். கர்னலுக்குக் கோபம்கூட வரவில்லை.

"காலையில டாங்கி பொய்யின்னீங்க, மத்தியானம் மகன் பொய்யிங்கிறீங்க. சாயங்காலம் நானும் பொய்யின்னு சொல்லுவீங்க போல. ஒப்படைச்சிட்டு வந்துருவான், போங்க."

டிராக்டர் வைத்து இழுத்து முப்பத்தொன்றையும் ரயிலில் ஏற்ற மூன்று நாள் பிடித்தது. க்ளவ்தியா முட்டைக்கோஸ் வைத்த ரொட்டிகளைத் துணியில் கட்டிக் கொடுத்தாள்.  தீகன்தான் சிரித்துக்கொண்டிருந்தான்.

"எஞ்சினே இல்லாத வண்டியில என்னப்பா ஆபத்து வந்துடப்போகுது? ஒரு மாசத்துல வந்துருவேன். தக்காளி நாத்து நட நான் வரணும், அம்மாகிட்ட சொல்லு."

நாற்று நட்டாயிற்று. தக்காளி காய்த்தாயிற்று. ஜூலையில்தான் ரயில் திரும்பியது. தார்ப்பாய் போர்த்திய முப்பத்தொன்றும் அப்படியே வந்திருந்தன. சவேலி அந்த வயதிலும் ரயில் நெடுகிலும் ஓடினார், ஒவ்வொரு பெட்டியிலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே. கடைசிப் பெட்டியிலிருந்து முன்பின் தெரியாத ஒரு கிழவர் இறங்கி, ஆலையின் தாளை நீட்டினார்.

டாங்கி, முப்பத்தொன்று: எஞ்சின் இல்லை, தகுதியற்றவை, கிடங்குக்கே திருப்பி அனுப்பப்படுகின்றன. ஓட்டுநர், முதல் தரம், ஒருவர்: தகுதியானவர், ஏற்றுக்கொள்ளப்பட்டார்.

ஓட்டுநருக்குத்தான் இப்போது ரொம்பத் தட்டுப்பாடு என்று கிழவர் விவரம் சொன்னார். வண்டியைக்கூட மூன்றைப் பிரித்து ஒன்றாக ஒட்டிவிடுகிறார்களாம், ஆளை அப்படி ஒட்ட முடியவில்லையாம். பையனுக்கு வந்த அன்றைக்கே ஓடுகிற வண்டி ஒன்றைக் கொடுத்துப் போர்முனைக்கு அனுப்பிவிட்டார்களாம். முதல் தரம் என்றதும் ரொம்ப மரியாதையாக நடத்தினார்கள் என்றும் சொன்னார். அப்புறம் பையிலிருந்து இன்னொரு உத்தரவை எடுத்தார். கிடங்கில் மறுபடியும் முப்பத்தொரு டாங்கி இருப்பதால் கிடங்கு மூடப்படாது. காவலுக்கு ஓர் இடம் காலி, ஆள் போட்டுக்கொள்ளவும்.

தாளின் அடியில், 'சரிபார்த்துப் பெற்றுக்கொண்டேன்' என்று அச்சிட்டு, கையெழுத்துக்குக் கோடு போட்டிருந்தது. கிழவர் பேனாவை நீட்டினார். சவேலி வாங்கவில்லை. முதல் பெட்டியில் ஏறித் தார்ப்பாயை விலக்கி, மூடியைத் திறந்து, தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். பிறகு இரண்டாவது பெட்டியில் ஏறினார்.

"உள்ள ஒண்ணும் இல்லன்னுதான் எழுதியிருக்கே, என்னத்தய்யா தேடுறீங்க?" என்று கிழவர் கீழேயிருந்து கேட்டார்.

சவேலி முப்பத்தொன்றாவது மூடிவரை திறந்து பார்த்த பிறகுதான் இறங்கி வந்து கையெழுத்துப் போட்டார்.