சின்னவளின் முறை

சின்னவள் ஞானஸ்நானம் எடுத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கல்யாணமாகி வந்த வீட்டில் அண்ணன், தம்பி, அவர்கள் மனைவிமார் என்று நான்கே பேர். சாயங்காலம் நால்வரும் முன்னறையில் உட்கார்ந்து ஆளுக்கொரு முறையாக ஜெபிப்பார்கள். தன் முறை வந்தால் சின்னவள், கணவன் மனப்பாடம் செய்வித்த கர்த்தருடைய ஜெபத்தை மூச்சுவிடாமல் ஒப்பித்து ஆமென் போட்டுவிடுவாள். சொந்த வார்த்தையில் சொல்லச் சொல்லி அவன் கெஞ்சிப் பார்த்தான். வேதாகமத் தமிழ் தன் வாயில் நுழையாது என்று அவள் மறுத்துவிட்டாள்.

அவள் ஓர்ப்படி, அண்ணன் மனைவி பெரியவளுக்கோ ஜெபம் தங்குதடையில்லாமல் வரும். சட்டைத் தொழிற்சாலையில் பதினோரு வருஷமாகக் காலர் தைப்பவள். சின்னவளை அங்கே செக்கிங்கில் சேர்த்துவிட்டதும் அவள்தான். போன மாதம் சின்னவளை சூப்பர்வைசர் ஆக்கினார்கள். அடுத்த வாரமே மேனேஜர் மேசைக்கு ஒரு மொட்டைக் கடுதாசி வந்தது. புது சூப்பர்வைசர் வேண்டியவர்களின் பழுதுச் சட்டைகளைக் கண்டுகொள்ளாமல் விடுகிறாளாம். மேனேஜர் இரண்டு பெட்டிகளைப் பிரித்துப் பார்த்தார். ஒரு தையல்கூடப் பிசகவில்லை. அவர் அதோடு விட்டுவிட்டார். சின்னவள் விடவில்லை; எழுதியது யார் என்று குடைந்துகொண்டே இருந்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம் பெரியவள், "எங்கள் நடுவே இருக்கிற பெருமையை எடுத்துப்போடும் கர்த்தாவே" என்றாள். சின்னவள் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தாள். யாருடைய பெருமை? ஆண்டவரிடம் பேசுகிற சாக்கில் தன்னைத்தான் குத்துகிறாள் என்று கணவனிடம் பொருமினாள். ஜெபத்திலுமா உளவு பார்ப்பாய் என்று அவன் சிரித்தான்.

ஞாயிறு மதியம் ஆண்கள் இருவரும் வெளியே போயிருந்தார்கள். பெரியவளின் அறைக்கதவு சாத்தியிருந்தது. உள்ளே பேச்சுச் சத்தம். 'சின்னவ' என்ற சொல் காதில் விழுந்ததும் இவள் அடிமேல் அடிவைத்துப் போய்க் கதவில் காதை வைத்தாள்.

"நான் சேர்த்துவிட்டவ ஆண்டவரே. இப்ப அவகிட்ட போய் நிக்க வேண்டியிருக்கு. வயிறு எரியுது. அந்தக் கடுதாசி நான் எழுதல, உங்களுக்கே தெரியும். ஆனா வந்துச்சுன்னு கேட்டப்ப சந்தோஷமா இருந்துச்சு. அதை என்ன செய்யறதுன்னு தெரியல. நீங்க எடுத்துருங்க."

சின்னவள் திகைத்து நின்றாள். அருவியாகக் கொட்டும் வேதாகமத் தமிழ் எங்கே போனது? இது அடுப்படியில் பேசுகிற பேச்சு. இப்படியும் ஜெபிக்கலாமா?

அன்று சாயங்காலம் அவள் முறை வந்தது. வழக்கமான ஜெபத்தின் முதல் வார்த்தையைத் தொடங்கி அதோடு நிறுத்திவிட்டாள். கணவன் முழங்கையால் இடித்தான்.

"ஆண்டவரே, இந்த வீட்ல ஒருத்தங்க மேல எனக்கு சந்தேகம். ஒட்டுக்கூடக் கேட்டேன். கேட்டும் முழுசாப் போகல. போக வைங்க. ஆமென்."

ஆண்கள் இருவரும் கண்ணைத் திறந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்தது பெரியவள். "இவ சொன்னதையே என்னோடதாவும் வச்சுக்கங்க" என்று மட்டும் சொல்லி முடித்துவிட்டாள். அவள் அவ்வளவு சுருக்கமாக ஜெபித்து யாரும் கேட்டதில்லை.

பிறகு அடுப்படியில் வெங்காயம் நறுக்கியபடியே பெரியவள் சொன்னாள்: "இனிமே ஒட்டுக்கேட்கிறதுன்னா கொலுசைக் கழட்டிட்டு வா."

சின்னவளுக்கு முகம் சிவந்தது. "அப்ப நான் நிக்கிறது தெரிஞ்சுதான் பேசினீங்களா அக்கா?"

"பாதியிலதான் சத்தம் கேட்டுச்சு. நிறுத்திரலாம்னு பார்த்தேன். அவர்கிட்ட சொல்ல ஆரம்பிச்சதை எப்படி நிறுத்துறது?"

எந்தப் பாதியில் என்று கேட்கச் சின்னவளுக்கு நாக்கு துடித்தது. கடுதாசி எழுதவில்லை என்று சொன்னதற்கு முன்னாலா, பின்னாலா? கேட்கவில்லை. தட்டில் மிச்சமிருந்த வெங்காயத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினாள். நாளைக்குத் தன் முறை வரும்போது இதையும் சொல்லிவிடலாம் என்று இருந்தது.